தாயைக் கனம்பண்ணுதலும் மாதச் செலவும்



கடந்த சில மாதங்களில் நம் சேகரத்தைச் சேர்ந்த நான்கு குடும்பத்தார் ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாக என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் ஆராதனை முடிந்து கூட்டம் கலையும்வரை வாசலருகே காத்திருந்து கேட்டார். இன்னொருவர் மஸ்கட்டிலிருந்து, நமக்கு நள்ளிரவாயிருக்கையில் அழைத்துக் கேட்டார். மறதிநோய் கண்ட தாயையோ தகப்பனையோ பராமரிப்பு இல்லமொன்றில் சேர்ப்பது தேவனுக்கு முன்பாகப் பாவமா என்பதே அக்கேள்வி. அதன் பின்னால் இன்னொன்றும் நின்றது. மாதம் எவ்வளவு ஆகும் என்பது. முதல் கேள்வியைத் தைரியமாகக் கேட்டவர்கள்கூட இரண்டாவதைக் குரல் தாழ்த்தியே கேட்டார்கள். பெற்றோரைப் பற்றிப் பேசுகையில் பணத்தைப் பற்றிப் பேசுவது இழிவு என்று நாம் வளர்க்கப்பட்டிருக்கிறோம்.

இவ்வாரம் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். என் தாயார் மூன்றாவது ஆண்டாக அத்தகைய இல்லமொன்றில் இருக்கிறார்கள் என்பதை உங்களில் பலர் அறிவீர்கள். அறிந்தும் கேட்கத் தயங்கினவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

பத்துக் கற்பனைகளில் ஐந்தாவது, பெற்றோரைக் கனம்பண்ணச் சொல்கிறது. நம் வேதாகமத்தைத் தமிழாக்கியவர்கள் தெரிந்துகொண்ட இச்சொல்லை நான் நெடுநாள் எண்ணிப்பார்த்ததுண்டு. கனம் என்றால் பெருமை. கனம் என்றால் பாரமும்தான். எபிரெய மூலத்திலுள்ள வினைச்சொல்லும் பாரம் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்ததே. மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் இக்கற்பனையை எடுத்துப் பேசும்போது, அங்கே பேச்சு முழுவதும் பொருளைப் பற்றியது. பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் கொர்பான் என்று பெயரிட்டு, தேவனுக்கு நேர்ந்துவிட்டதாகச் சொல்லிக் கைகழுவும் வழக்கத்தை அவர் கண்டிக்கிறார். ஆகையால் செலவுக் கணக்கு இக்கற்பனைக்கு வெளியே கிடக்கும் உலகக் காரியம் என்று எண்ணவேண்டியதில்லை. நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உட்காருவதும் கனம்பண்ணுதலின் ஒரு பகுதியே.

நோயைப் பற்றிச் சில வார்த்தைகள். 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வொன்றின்படி, நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 7 பேருக்கு மேல் மறதிநோயோடு வாழ்கிறார்கள். தொகை ஏறத்தாழ 88 லட்சம். நாம் இதை வயோதிகத்தின் இயல்பு என்று தள்ளிவிடுகிறோம். சாவியை வைத்த இடம் மறப்பது வயோதிகம். சாவி எதற்கானது என்பதே மறந்துபோவது நோய். தடுமாற்றம் எல்லாமே மறதிநோயும் அல்ல. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு, கீழே விழுந்ததில் மண்டைக்குள் உறைந்த இரத்தம், முதியவர்களுக்கு வரும் சிறுநீர்த் தொற்று ஆகிய இவை எல்லாமே மறதிநோய்போலத் தோற்றம் காட்டும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. இல்லத்தைப் பற்றி யோசிக்குமுன் மருத்துவரிடம் அழைத்துச் சென்று இவற்றைச் சோதித்துவிடுங்கள்.

நோய் உறுதியான பின் ஒருவர் சராசரியாக 4 முதல் 8 ஆண்டுகள் வாழ்கிறார். சிலர் 20 ஆண்டுகள்வரையும் வாழ்வதுண்டு. பெரும்பாலான குடும்பங்கள் இந்த எண்ணைக் கேட்காமலே திட்டமிடுகின்றன. அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஆறு மாதம் பார்த்துக்கொள்வதுபோல, எல்லாரும் முதல் ஆண்டிலேயே தங்கள் பலம் முழுவதையும் செலவழித்துவிடுகிறார்கள்.

என் தகப்பனார் 2016-இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தபின் அம்மா எங்களோடு குருமனைக்கு வந்தார்கள். தென்காசிப் பக்கத்துக் கிராமமொன்றில் 31 ஆண்டுகள் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து, தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றவர்கள். நாங்கள் முதலில் கண்டது அரிசியில். புடைத்து முடித்த அரிசியை மறுபடி புடைப்பார்கள், மறுபடியும். 2019-இல் மருத்துவர் நோயின் பெயரைச் சொன்னார். அதற்குப் பிந்திய ஆண்டுகளில், விடியற்காலம் மூன்று மணிக்குச் சேலை மாற்றி, கைப்பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் புறப்படுவது வழக்கமாயிற்று. கதவு பூட்டியிருந்தால் தட்டுவார்கள். "பிள்ளைங்க வெயில்ல நிக்குது, கதவைத் திறங்க" என்பார்கள். வெளியே கும்மிருட்டு. என் மனைவியை அவர்கள் மருமகளாக அடையாளம் காணாமற்போய்த் "டீச்சர்" என்று அழைக்கத் தொடங்கியிருந்தார்கள். அம்மா வெளியே போய்விடாதபடி என் மனைவி 14 மாதங்கள் அந்த அறையின் வாசலுக்குக் குறுக்கே பாய் விரித்துப் படுத்தாள்.

குருமார் குடும்பங்களுக்கு இன்னொரு காரியமும் உண்டு. நாங்கள் வாழும் வீடு எங்களுடையதல்ல. இடமாற்ற ஆணை வந்தால் பெட்டி கட்டவேண்டும். மறதிநோயுள்ளவர்களுக்கு வீடு மாறுவது பெருந்துன்பம். புதிய வழிகளைக் கற்கும் ஆற்றல்தான் முதலில் போகிறது. 2020-இல் நாங்கள் மாறிப்போன குருமனையில் குளியலறை அம்மாவின் அறைக்கு இடப்புறம் இருந்தது. பழைய வீட்டில் வலப்புறம். நான்கு மாதங்கள் அவர்கள் இரவில் வலப்புறம் நடந்து சென்று, அங்கேயிருந்த புத்தக அலமாரிக்கு முன் செய்வதறியாமல் நின்றார்கள். 2023-இல் அடுத்த ஆணை வந்தபோது, இன்னொரு வீட்டையும் அம்மா தாங்குவார்களா என்பதே எங்கள் முன் நின்றது.

மஸ்கட்டில் அண்ணன், சென்னையில் தங்கை, இங்கே நான். மூவரும் துணைவர்களோடு தொலைபேசியில் கூடிப் பேசினோம். "அண்ணி முதல்ல பேசட்டும்" என்று தங்கை சொன்னாள். அதற்காக நான் இன்றும் அவளுக்கு நன்றியுள்ளவன். என் மனைவி சொன்னது இவ்வளவுதான்: "அத்தையைப் பாத்துக்க எனக்கு மனசு இருக்கு. உடம்புதான் இல்ல."

இனி கணக்கு. என் மனைவி பால் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கங்களில் இருந்ததை அப்படியே தருகிறேன். 2023-ஆம் ஆண்டின் விலைகள். பகலில் 12 மணி நேரம் பார்த்துக்கொள்ள வந்த பெண்ணுக்கு முகமையின் மூலம் 18,000 ரூபாய். பெரியவர்களுக்கான டயப்பர் நாளொன்றுக்கு நான்கு, ஒன்று 40 ரூபாய் வீதம், மாதம் 4,800. மருந்து 3,200. மருத்துவரிடம் போய்வர வாடகைக் காரும் கட்டணமும் சராசரியாக 1,500. கூட்டினால் 27,500. இதோடு, சுயநிதிப் பள்ளியொன்றில் 16,000 ரூபாய்ச் சம்பளத்தில் இருந்த என் மனைவி வேலையை விட்டிருந்தாள். அதையும் சேர்த்தால் 43,500. சாப்பாடு, மின்சாரம் இவற்றைச் சேர்க்கவில்லை.

நாங்கள் கடைசியில் தெரிந்துகொண்ட இல்லம் மாதம் 45,000 கேட்டது. டயப்பரும் மருந்தும் தனி; ஆக 53,000. மூன்று மாதக் கட்டணமாகிய 1,35,000 முன்பணம். எனவே, நோட்டின்படி பார்த்தால் வீட்டில் வைத்துக்கொள்வதே மாதம் 9,500 ரூபாய் மலிவு. உறவினர் ஒருவர் அந்த எண்ணைச் சுட்டிக்காட்டவும் செய்தார்.

ஆனால் அந்த நோட்டில் இரவு இல்லை. இரவுக்கு இன்னொரு ஆள் வைத்திருந்தால் மேலும் 18,000 ஆகி, வீட்டுச் செலவு 61,500-ஐத் தொட்டிருக்கும். ஆள் வைக்காமல் சமாளித்தோம் என்று நாங்கள் சொல்லிக்கொண்டது, வாசற்படியில் பாய் விரித்துப் படுத்தவளுக்கு யாரும் கூலி எழுதவில்லை என்பதையே குறிக்கும். மிச்சமான 9,500 ரூபாய் அவளுடைய தூக்கத்திலிருந்தும் முழங்கால்களிலிருந்தும் எடுக்கப்பட்டது. இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2019-இல் மறதிநோயினால் உலகுக்கு ஏற்பட்ட செலவு 1.3 லட்சம் கோடி டாலர். அதில் ஏறத்தாழப் பாதி, குடும்பத்தாரும் நெருங்கியவர்களும் கூலியின்றிச் செய்யும் பணியின் மதிப்பு. அப்படிப் பராமரிக்கும் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 5 மணி நேரம் கொடுக்கிறார். பராமரிப்பு நேரத்தில் நூற்றுக்கு 70 பங்கு பெண்களால் கொடுக்கப்படுகிறது. நம் வீடுகளில் "மகன் தாயைத் தன்னோடு வைத்துப் பார்த்துக்கொள்கிறான்" என்று ஊர் புகழும்போது, பார்த்துக்கொள்வது யார் என்று ஒருமுறை அடுக்களைப் பக்கம் எட்டிப்பாருங்கள்.

அம்மாவுக்கு ஓய்வூதியம் 34,000 வந்தது. மீதம் 19,000. அண்ணன் 10,000, தங்கை 5,000, நான் 4,000. என் சம்பளம் எவ்வளவு என்பதை உங்கள் சேகரக் கமிட்டி அறியும்! மூன்று பிள்ளைகள் என்றால் மூன்று சம பங்கு என்று பிடிவாதம் பிடிக்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். திராணிக்குத் தக்கதாகப் பங்கிடுவதே நியாயம். நேரமும் ஒரு பங்காக எண்ணப்படவேண்டும். தங்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து ஒரு வாரம் அம்மாவோடு இருக்கிறாள். அதையும் நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.

இங்கே ஒரு வார்த்தையைத் தயவு தாட்சணியமின்றிச் சொல்லவேண்டியிருக்கிறது. பெற்றோரின் பணமும் நிலமும் முதலாவது பெற்றோரின் பராமரிப்புக்கே உரியவை. மீந்தால்தான் அது சுதந்தரம். வயலும் வீடும் தாயின் பெயரில் இருக்க, அவற்றைத் தொடாமல் பங்குக்காகக் காத்துக்கொண்டு, தாய்க்கு ஒரு ஆள் வைக்கப் பணமில்லை என்று சொல்லுவது கொர்பானைவிட எவ்வளவு மேலானது என்று நான் அறியேன்.

மாதக் கணக்கோடு நின்றுவிடாதீர்கள். 45,000 என்பது ஆண்டுக்கு 5,40,000. ஆறு ஆண்டுகளுக்கு 32,40,000. கட்டணம் ஆண்டுதோறும் நூற்றுக்கு 8 உயருமானால் அதுவே ஏறத்தாழ 39,60,000 ஆகும். எங்களுக்கு அது இப்பொழுதே 52,000-க்கு வந்துவிட்டது. இரண்டாம் ஆண்டில் பணம் தீர்ந்து, பழகிப்போன இடத்திலிருந்து ஒரு முதியவரை மறுபடி பெயர்த்துக்கொண்டு வருவது கொடிய காரியம். தாங்கக்கூடிய இடத்தையே தொடக்கத்தில் தெரிந்துகொள்ளுங்கள். பளிங்குத் தரையை அம்மாக்கள் பார்ப்பதில்லை, அதில் வழுக்கித்தான் விழுகிறார்கள்.

காப்பீட்டை நம்பிக் கணக்குப் போட்டவர்களும் உண்டு. நாம் வழக்கமாக எடுக்கும் மருத்துவக் காப்பீடு மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்வதற்கானது. 2024 முதல் 70 வயதைக் கடந்த எல்லாருக்கும் விரிவாக்கப்பட்ட மத்திய அரசின் 5 லட்சம் ரூபாய்த் திட்டமும் அப்படிப்பட்டதே. கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் உதவும். மாதாமாதம் இல்லத்துக்குக் கட்டும் தொகைக்கு உதவாது.

நாங்கள் மூன்று இல்லங்களைப் போய்ப் பார்த்தோம். முதலாவதில் வரவேற்பறை அழகாயிருந்தது. உள்ளே பிற்பகல் மூன்று மணிக்கு எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பகல் மூன்று மணிக்கு 18 பேர் ஒரே சமயத்தில் ஆழ்ந்து தூங்கும் இடத்தில், அவர்களுக்கு என்ன மாத்திரை கொடுக்கப்படுகிறது என்று கேட்காமல் வராதீர்கள். மறதிநோயுள்ள முதியவர்களை அடக்கிவைக்கக் கொடுக்கப்படும் சில மனநோய் மருந்துகள் அவர்களுக்கு மரண அபாயத்தை அதிகரிக்கின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இலேயே எச்சரித்திருக்கிறது. மருத்துவர் காரணத்தோடும் அளவோடும் கொடுப்பது வேறு. பணியாளர் குறைவுக்கு மாற்றாகக் கொடுப்பது வேறு.

இரண்டாவது இல்லத்தில் பணிப்பெண்கள் அன்பானவர்கள். வடமாநிலத்திலிருந்து புதிதாக வந்தவர்கள், தமிழ் தெரியாது. மறதிநோய் முற்றும்போது பின்னால் கற்ற மொழிகள் முதலில் கழன்றுபோய், தாய்மொழியே எஞ்சி நிற்பது உண்டு. தண்ணீர் வேண்டும் என்று அம்மா கேட்டால் புரிந்துகொள்ள அங்கே ஒருவர் வேண்டுமே.

மூன்றாவது, பழைய ஓட்டுவீட்டோடு சேர்த்துக் கட்டிய சாதாரண இடம். நாங்கள் போனபோது ஒரு பணிப்பெண் ஒரு பெரியவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டு எழுந்திருக்கவில்லை. ஊட்டி முடித்து, வாய் துடைத்துவிட்டு, பிறகுதான் வந்தாள். என் மனைவி அந்த இடத்திலேயே தீர்மானித்துவிட்டாள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதிக்கொண்டுபோன கேள்விகளையெல்லாம் கேட்டோம். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர். முன்னறிவிப்பின்றி எந்நேரமும் வந்து பார்க்கலாமா. நோயாளியைக் கட்டிலோடு கட்டுவதுண்டா. மூச்சுத்திணறல் வந்தால் எந்த மருத்துவமனை, கூட யார் போவார். படுத்த படுக்கையானால் வைத்துக்கொள்வீர்களா, திருப்பி அழைத்துப்போகச் சொல்வீர்களா. முன்பணம் எப்போது, எவ்வளவு திரும்பும். மரணம் நேரிட்டால் யார் எங்களுக்குச் சொல்வார், சான்றிதழுக்கு யார் பொறுப்பு. கடைசிக் கேள்வியை நான்தான் கேட்டேன். அடக்க ஆராதனை நடத்திப் பழகிய என் வாய்க்கும் அது எளிதாக வரவில்லை.

காகிதக் காரியங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நோயின் தொடக்கத்தில், பெற்றோருக்கு இன்னும் தெளிவு இருக்கும்போதே வங்கிக் கணக்கில் ஒரு பிள்ளையைக் கூட்டாளியாகச் சேர்த்துவிடுங்கள். அதிகாரப் பத்திரம் எழுதி வாங்கிவிட்டோம், போதும் என்று பலர் இருக்கிறார்கள். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவின்படி, அதிகாரம் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்த அதிகாரமும் முடிந்துபோகிறது. எந்த நாளுக்காக வாங்கினோமோ அந்த நாளில் அது செல்லாது. அதற்குப் பின் நீதிமன்றத்தின் மூலமே பாதுகாவலராக வேண்டியிருக்கும். உயிலும் தெளிவுள்ள நாளிலேயே எழுதப்படவேண்டும். தங்களைப் பராமரிக்கவேண்டும் என்னும் நிபந்தனையோடு சொத்தை எழுதிக்கொடுத்துவிட்டுக் கைவிடப்பட்ட பெற்றோர், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி அந்தப் பத்திரத்தை ரத்துசெய்யக் கோரலாம். முதியோருக்கான 14567 என்னும் இலவச உதவி எண்ணையும் வீட்டில் எழுதி வையுங்கள்.

அம்மாவைச் சேர்த்த மாதத்தில் என் தாய்மாமா வந்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரைக்கிலோ அல்வாவோடு வந்து, சர்க்கரை நோயுள்ள தம் அக்காவுக்கு அதைப் பாசத்தோடு ஊட்டிவிட்டுப் போகிறவர். "மருமகனே, ஊருக்கெல்லாம் பிரசங்கம் பண்ணுற குருவோட தாய் விடுதியிலயா?" என்று கேட்டார். அவர் கேட்டது குத்திற்று. 1 தீமோத்தேயு 5-ஆம் அதிகாரத்தை அவர் மனதில் வைத்திருந்தார். தன் வீட்டாரை விசாரியாதவனைப் பற்றி அப்போஸ்தலன் அங்கே எழுதியிருப்பது கடுமையானது, அதை நான் மெல்லிதாக்க விரும்பவில்லை. விசாரித்தல் என்பது ஒரே கூரையின் கீழ் வைத்திருத்தல் மாத்திரமா என்பதே என் கேள்வி. யோவான் 19-இல் ஆண்டவர் தம் தாயைத் தம் சொந்த வீட்டாரல்லாத ஒரு சீஷனிடம் ஒப்புவித்தார். அவருக்குச் சகோதரர்கள் இருந்தார்கள் என்று சுவிசேஷங்கள் சொல்கின்றன. அப்படியிருந்தும் வேறொருவரைத் தெரிந்துகொண்டார். யாரிடம் என்பதைத் தாமே பார்த்து, பெயருக்கு ஒப்புவிக்காமல் உறவாகவே ஒப்புவித்தார். ஒப்புவித்தலுக்கும் கைவிடுதலுக்கும் இடையே உள்ள தூரத்தை அந்த இடத்தில் நான் பார்க்கிறேன். மாமாவிடம் இதையெல்லாம் நான் விளக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை இல்லத்துக்கு அழைத்துப்போனேன். அல்வாவை மட்டும் வாசலில் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

முதல் இரண்டு வாரங்கள் அம்மா அழுதார்கள். அதை மறைக்கவேண்டியதில்லை. மூன்றாவது வாரத்தில் அவ்விடத்தை ஏதோ பள்ளிக்கூடம் என்று எடுத்துக்கொண்டார்கள். அங்குள்ள மற்றப் பெண்களுக்கு வருகைப் பதிவு எடுக்கிறார்கள். பணிப்பெண் ஒரு பழைய நோட்டையும் சிவப்புப் பேனாவையும் கொடுத்திருக்கிறாள். என் பெயர் அவர்களுக்குத் தெரியாது. என்னை ஆய்வுக்கு வந்த அதிகாரியாகக் கருதி நாற்காலி போடச் சொல்கிறார்கள். திருவிருந்து கொடுக்கப் போகும்போது கீர்த்தனையைத் தொடங்கினால் நான்கு சரணமும் அட்சரம் பிசகாமல் பாடுகிறார்கள். இராகம் கடைசிவரை நிற்கும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். என் மனைவி இப்போது இரவில் தூங்குகிறாள். சனிக்கிழமைதோறும் போய் அம்மாவுக்குத் தலை வாரிப் பின்னிவிடுகிறாள். வீட்டிலிருந்த கடைசி ஓராண்டில் அதற்கு அவளுக்குக் கை ஓயவில்லை.

எல்லாருக்கும் இது பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. நோயின் தொடக்கத்தில், தம் வீட்டு முற்றத்தையும் அண்டை வீட்டாரையும் இன்னும் அறிகிறவரைப் பெயர்த்தெடுக்க வேண்டாம் என்பதே என் எண்ணம். இரவில் வெளியேறுதல், அடித்தல், விழுங்க இயலாமை, பார்த்துக்கொள்பவரே நோயில் விழுதல் ஆகியவை வரும்போது யோசிக்கவேண்டும். அப்போதும் பார்த்துக்கொள்பவரின் வாயிலிருந்து முதல் வார்த்தை வரட்டும்.

ஆனால் ஓய்வூதியமும் மஸ்கட் அண்ணனும் உள்ள வீட்டின் கணக்கு இது. நம் சபையில் பெரும்பாலோருக்கு 45,000 என்பது கேள்வியே அல்ல. அது ஒரு குடும்பத்தின் பல மாத வருமானம். நம் கிளைச்சபையொன்றில் பீடி சுற்றும் ஒரு சகோதரியின் கணவருக்கு இந்நோய். சுற்றிய பீடியைக் கடையில் ஒப்படைக்கப் போய்வர அவருக்கு இரண்டு மணி நேரம் ஆகும். அந்நேரத்தில் கணவர் சாலைக்கு ஓடிவிடாதபடி, பழைய சேலையைக் கிழித்து அவர் கணுக்காலைக் கட்டிலோடு கட்டிவிட்டுப் போவார். புண்படாதபடி உள்ளே துணி சுற்றி, மெதுவாகக் கட்டுவார். இதை அவர் என்னிடம் சொன்னபோது தலை குனிந்திருந்தார். இல்லங்களுக்குப் போய், நோயாளிகளைக் கட்டுவதுண்டா என்று அதட்டிக் கேட்ட நான் அவருக்குச் சொல்லக்கூடியது ஒன்றுமில்லை. அந்த இரண்டு மணி நேரத்துக்கு அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார ஒரு ஆள் வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

பெண்கள் ஐக்கிய சங்கத்தார் இதைக் கேட்டு, கடந்த ஆகஸ்டு முதல் முறை வைத்து அங்கே போகிறார்கள். வாரத்தில் மூன்று நாள், பிற்பகல் இரண்டு முதல் நான்கு. மருந்து கொடுப்பது அவர்கள் வேலையல்ல. கூட உட்கார்ந்திருப்பது, கேட்ட கேள்வியையே பத்துமுறை கேட்டாலும் பத்துமுறை பதில் சொல்வது, அவ்வளவே. அந்தச் சகோதரி கடையிலிருந்து திரும்பும் வழியில் ஒருநாள் தம் அக்கா வீட்டுக்குப் போய்க் காப்பி குடித்துவிட்டு வந்ததாகச் சொன்னார். நான்கு ஆண்டுகளில் அது முதல் முறை.

இப்போது இன்னும் மூன்று வீடுகளிலிருந்து கேட்டிருக்கிறார்கள். அவற்றில் இரண்டு வீடுகளில் நோயாளிகள் ஆண்கள். தூக்கி உட்காரவைக்கவேண்டியிருப்பதால் ஆண்களே போகவேண்டும். இதுவரை பெயர் கொடுத்த ஆண்கள் இருவர், இருவரும் 65 வயதைக் கடந்தவர்கள். வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கக்கூடிய வாலிபர் ஐக்கியத்துச் சகோதரர்கள், வருகிற ஞாயிறு இரண்டாம் ஆராதனைக்குப் பின் உபதேசியாரிடம் பெயர் கொடுக்கலாம். எந்தக் கிழமை, எந்த நேரம் என்பதையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள்.